நேற்று வாங்கிய ஆட்டுக்கறி பழுப்பாகிவிட்டது, சமைக்கலாமா?

பாளையங்கோட்டையில் இருக்கிறேன். நேற்று மேலப்பாளையத்தில் ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்கி, பாதியை ஃபிரிட்ஜில் வைத்தேன். இன்று மேல்பக்கம் பழுப்பு. வாடை இல்லை. மஞ்சள் போட்டு அலசினால் சரியாகிவிடுமா? மாமியார் தூரப் போடச் சொல்கிறார்கள்.

பதில் 1:
நிறம் மட்டும் மாறினால் பயப்பட வேண்டாம் தங்கச்சி, காற்றுப் பட்டால் சிவப்புக் கறி பழுப்பாகும். விரலால் தொட்டுப் பாருங்க. வெறும் ஈரமென்றால் சரி. கொழகொழவென்று விரலோடு இழுத்தாலோ, கவிச்சிக்கு மேலே புளித்த வாடை வந்தாலோ குப்பைக்குத்தான். சில கிருமிகள் விட்ட நஞ்சு வெந்தாலும் போகாது. அலசினால் தொட்டி முழுக்கத் தெறிப்பதுதான் மிச்சம்.

ஆனால் மூக்கை மட்டும் நம்பாதீங்க. போன சித்திரையில் கறிப்பையை வண்டியில் தொங்கவிட்டு, ஜங்ஷனில் மூன்று மணி நேரம் கதை பேசினேன். வாடையே இல்லை. ராத்திரி முழுக்க நானும் தம்பியும் மாறி மாறிக் கொல்லைக்கு ஓடினோம். நம்ம ஊர் வெயிலில் 1 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது.

பதில் 2:
ஃபிரிட்ஜ் 4 டிகிரிக்குள் இருந்தால் ஆட்டுக்கறித் துண்டு 3 முதல் 5 நாள், கோழியும் கொத்துக்கறியும் 2 நாள்தான். மூடிய டப்பாவில், அடித்தட்டில் வைங்க. ரத்தத்தண்ணி தயிரில் சொட்டக் கூடாது. கரண்ட் போனால் கதவைத் திறக்காதீங்க, 4 மணி நேரம் தாங்கும்.

கேட்டவர்:
கடையிலிருந்து பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வந்துவிட்டேன் அண்ணாச்சி. விரலில் ஒட்டவில்லை. குக்கரில் ஏற்றியாச்சு. மாமியாருக்கு ரசம்.