சிறிய மேடைக்கு ஃப்ரெட் இல்லாத பேஸ் கிட்டார் ஏற்றதா?

கேள்வி: பொழுதுபோக்காக ப்ளூஸும் ஜாஸும் வாசிக்கும் எனக்கு, ஃப்ரெட் (சுர இடங்களைக் காட்ட விரல்பலகையில் பதிக்கும் குறுக்குக் கம்பி) இல்லாத பேஸ் கிட்டாரின் குழைவான ஒலி மிகவும் பிடிக்கும். ஆனால் மேடையில் சுருதி விலகிவிடுமோ என்று தயங்குகிறேன். அதையே முதன்மைக் கருவியாகக் கொள்ளலாமா?

பதில் 1: ப்ளூஸுக்கு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. 1951இல் ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸ் வந்தபோது, ஃப்ரெட் இல்லாத பெரிய தந்திக்கருவியான டபுள் பேஸில் நெடுங்காலம் பழகாதவர்களும் ஃப்ரெட்டுகளின் துணையால் சுருதி பிசகாமல் வாசிக்க முடிந்தது. ட்ரம்ஸ் முழங்கும் மேடையில், நாம் வாசிக்கும் சுரமே நமக்குத் தெளிவாகக் கேட்காது.

பதில் 2: ஜாஸைப் பொறுத்தவரை நான் உடன்படவில்லை. ஃப்ரெட் உள்ள கருவியில் ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் விரலை வைக்கிறோம். இதிலோ ஃப்ரெட் இருந்திருக்கக்கூடிய கோட்டின் மேலேயே வைக்க வேண்டும். தம்புரா போன்ற இடைவிடாத ஆதார ஒலியுடன், மெதுவான நடையில் நாள்தோறும் பழகினால் காதும் விரலும் இணங்கிவிடும். இன்னொன்று: தாழ்ந்த ஈ தந்தியின் அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ்தான் என்பதால், ஆம்ப்ளிஃபயரை அறையின் மூலையில் வைத்தால் ஒலி கலங்கி, சுருதியைக் கணிப்பதே கடினமாகும்.

கேட்டவர்: மிக்க நன்றி. ப்ளூஸுக்கு ஃப்ரெட் உள்ளதையே வைத்துக்கொண்டு, மெதுவான ஜாஸ் உருப்படிகளில் மற்றதைத் தொடங்குகிறேன்.