லாங்கோபார்தர், லொம்பார்தியர்: ஒரே சொல் போதாது

அன்புடையீர், வணக்கம்.

ஆங்கிலத்தில் 'லொம்பார்டு' (Lombard) எனப்படும் மக்களைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற கேள்விக்கு முந்தைய மடலில் நண்பர் முன்வைத்த 'நெடுந்தாடியர்' அழகான ஆக்கம். அக்குலத்தின் பழம்பெயரான வின்னிலி என்பதால் அறியப்பட்ட பெண்கள் கூந்தலைத் தாடிபோல் முகத்தில் முடிந்துகொண்டு நிற்க, விடியலில் அவர்களைக் கண்ட கோதான் தெய்வம் 'யார் இந்த நெடுந்தாடிக்காரர்?' என்று கேட்டதாக வரும் பெயர்க்கதைக்கும் அது பொருந்துகிறது. ஆயினும் பிற ஜெர்மானியக் குலங்களான பிராங்குகளையும் கோத்துகளையும் ஒலிபெயர்த்தே வழங்கும் நாம், இவர்கள் பெயரை மட்டும் மொழிபெயர்ப்பது முறையாகாது.

உண்மையான சிக்கல் வேறு. ஆங்கிலம் ஒரே சொல்லால் சுட்டும் இரு மக்களை இத்தாலியர் 'லொங்கோபார்தி', 'லொம்பார்தி' என்று பிரித்தே எழுதுகின்றனர். முன்னவர், 568இல் அல்போயின் தலைமையில் இத்தாலிக்குள் புகுந்து, பாவியாவைத் தலைநகராக்கி, 774இல் பிராங்கு மன்னர் சார்லமேனிடம் அரசை இழந்த ஜெர்மானியர். பின்னவர், வட இத்தாலியில் மிலான், பெர்கமோ, பிரேசியா சூழ்ந்த லொம்பார்தியா நிலப்பகுதியின் இன்றைய மக்கள்; அவர்களுடைய வட்டார மொழியோ இலத்தீன் வழிவந்தது. முன்னவர் பேசிய ஜெர்மானியக் குலமொழி வழக்கொழிந்துவிட்டது. 643இல் அவர்களுடைய ரோத்தாரி மன்னர் வெளியிட்ட சட்டத்தொகுப்பே இலத்தீனில்தான் இருக்கிறது, இடையிடையே சில குலமொழிச் சொற்களோடு.

இவ்வேறுபாட்டைக் காட்டாவிட்டால் என்ன குழப்பம் நேரும் என்பதற்குப் பெனவெந்தோ ஒன்றே போதும். 774க்குப் பிறகும் பதினோராம் நூற்றாண்டு வரை லொங்கோபார்தி குலத்தார் ஆட்சி நீடித்த அவ்வூர் தென் இத்தாலியில், நாப்போலிக்கு அருகே இருக்கிறது. கிழக்கு ரோமப் பேரரசினரான பைசாந்தியர் 'லாங்கோபார்தியா' என்று பெயரிட்ட மாகாணமும் தெற்கே அப்பூலியாவில்தான் இருந்தது. பெனவெந்தோ இளவரசரை 'லொம்பார்தியர்' என்று எழுதினால், படிப்பவர் அவரை மிலான்காரர் என்றே கொள்வார்.

எனவே குலத்துக்கு 'லாங்கோபார்தர்', நிலத்து மக்களுக்கு 'லொம்பார்தியர்' என்பது என் முன்மொழிவு. 1167இல் வட இத்தாலிய நகரங்கள் அமைத்து, 1176இல் லெஞ்ஞானோவில் பேரரசர் பிரெடரிக் பார்பரோசாவை வென்ற கூட்டணி 'லொம்பார்தியக் கூட்டணி' ஆகும். 1980களில் எழுந்த வட்டாரக் கட்சியும் அக்கூட்டணியின் பெயரையே சூடிக்கொண்டது. இன்றைய வட்டார உணர்வு தாடி மன்னர்களைவிட லெஞ்ஞானோவுக்கே அதிகம் கடன்பட்டிருக்கிறது என்பது என் கருத்து.

மொழிமுதல் லகரம் தொல்காப்பியத்துக்கு ஒவ்வாது என்பார் உண்டு. ஆனால் 'இலாங்கோபார்தர்' என்று எழுதிப் பாருங்கள், இளங்கோவடிகளின் உறவினர்போல் ஒலிக்கிறது! இலண்டனை விட்டு லண்டனுக்குப் பலரும் வந்துவிட்ட நிலையில் இங்கு மட்டும் இகரம் எதற்கு?

வங்கியியலின் 'லொம்பார்டு கடன்' பற்றியும் கேட்டிருந்தீர்கள். அப்பெயருக்குக் காரணமான இடைக்கால வட்டிக்கடைக்காரருள் பலர் இன்றைய லொம்பார்தியாவுக்கு வெளியே, பியெமோந்தேயின் ஆஸ்தி நகரத்தவர். பிணையங்களை ஈடாக வைத்துப் பெறும் அக்கடனுக்கு 'ஈட்டுக்கடன்' நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, புதுச்சொல் வேண்டியதில்லை.