புதுப்பிப்பு: ஹட்டன் டியூஷன் வகுப்பு சுவிட்ச் ஒருவழியாகப் பேசுகிறது

போன வாரம் கேட்டிருந்தேனே, வகுப்புக்கு வாங்கிய பழைய 24 போர்ட் சிஸ்கோ சுவிட்சுக்கு (கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி) ஐபி முகவரி கொடுத்தும் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகவில்லை என்று. தீர்ந்துவிட்டது.

சுவிட்சில் நேரடியாகக் கேபிள் செருகிக் கட்டளை அடிக்கும் கன்சோல் திரையில் கிறுக்கலாக வந்ததற்குக் காரணம் நான்தான். அதற்கான புட்டி (PuTTY) மென்பொருளில் வேகத்தை 115200 என்று வைத்திருந்தேன், 9600 ஆக்கியதும் எழுத்துகள் ஒழுங்காக வந்தன. பிங் போகாததற்கு, ஒரு அண்ணன் சொன்னது போலவே, விலான் 1 (VLAN 1, நான் ஐபி கொடுத்த உள் இடைமுகம்) மூடியே கிடந்திருக்கிறது. ஐபி கொடுத்தால் போதாது, 'நோ ஷட்டவுன்' அடிக்கவேண்டும். மேல்மாடி அலுவலகம் வேறு நெட்வொர்க் என்பதால், அங்கிருந்து பார்க்க வெளியே போகும் வழியைச் சொல்லும் 'ஐபி டிஃபால்ட்-கேட்வே' கட்டளையும் தேவைப்பட்டது.

சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். அன்றிரவு இடிமழை, கரண்ட் போய் வந்தது (இங்கே புதினமா என்ன!). காலையில் பார்த்தால் சுவிட்ச் பிறந்த குழந்தை மாதிரி நிற்கிறது. மாற்றங்கள் எல்லாம் ரன்னிங்-கன்ஃபிக்கில், அதாவது கரண்ட் போனால் அழியும் ரேம் (RAM) நினைவகத்தில் மட்டுமே இருந்திருக்கின்றன. 'காப்பி ரன்னிங்-கன்ஃபிக் ஸ்டார்ட்அப்-கன்ஃபிக்' அடித்திருந்தால்தான் மின்சாரம் போனாலும் நிற்கும். முழுவதையும் மறுபடி அடித்தேன்.

தூரத்திலிருந்து பாதுகாப்பாக உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் (SSH) இன்னொரு தலைவலி. ஹோஸ்ட்நேம் 'சுவிட்ச்' என்றே இருந்ததால் அதற்குத் தேவையான ஆர்எஸ்ஏ (RSA) மறையாக்கச் சாவியை உருவாக்க மறுத்தது. பெயரை மாற்றி, டொமைன் பெயரும் கொடுத்த பிறகு 2048 பிட் சாவி வந்தது. அப்புறம் தூர உள்நுழைவுக்கான விடிஒய் (VTY) வரிகளில், மறையாக்கம் இல்லாத டெல்நெட்டை நிறுத்திவிட்டேன்.

அடுத்த செலவு சின்ன யூபிஎஸ் ஒன்றுதான்.