பிளட் மூன் வந்த பிறகும் அர்போர்க் வேலை செய்யுமா?

சதுப்புவாசி:
மேஜிக் த கேதரிங் கார்டு விளையாட்டு ஆடுபவர்கள் கொஞ்சம் உதவுங்கள். என்னுடையது நீலம்-கறுப்பு டெக். மேசையில் மூன்று லேண்ட், அதாவது மானா (கார்டுகளை இறக்கச் செலவாகும் சக்தி) தரும் நில கார்டுகள்: அர்போர்க் (எல்லா நிலமும் கூடுதலாக ஸ்வாம்ப் என்கிற லேண்ட்), வாட்டரி கிரேவ், ஒரே ஒரு சாதா ஐலண்ட். ஸ்வாம்ப் கறுப்பு மானா தரும், ஐலண்ட் நீலம், மவுன்டன் சிவப்பு. நண்பர் 3 மானா கொடுத்து பிளட் மூன் இறக்கினார். "அடிப்படை அல்லாத நிலங்கள் எல்லாம் மவுன்டன்" என்பதுதான் அதில் இருக்கும் ஒரே வரி. அர்போர்க் முதலிலேயே வந்துவிட்டது, அதனால் எல்லாம் மவுன்டன், கூடவே ஸ்வாம்ப் என்று நான் வாதாடினேன். அவரும் விட்டுக்கொடுத்தார். கறுப்பு மானா எடுத்து ஜெயித்தேன். அன்றிலிருந்து மனசு உறுத்துகிறது. நான் ஆடியது சரியா?

நான்காம்சுற்று:
இரண்டில் கடைசியாக வந்தது எதுவோ அதுதான் செல்லும். பிளட் மூன் பிறகு வந்ததால் அதுதான் செல்லும். அர்போர்க் பிறகு வந்திருந்தால் நீங்கள் சொல்வது சரி.

விதிப்பித்தன்:
முடிவு சரி, காரணம் தவறு. எது முதலில் வந்தாலும் பிளட் மூன்தான் வெல்லும். விதி 305.7-ஐப் பாருங்கள்: ஒரு நிலத்தை வேறு வகையாக மாற்றினால் அதில் அச்சிட்டிருக்கும் திறன்கள் போய்விடும். அர்போர்க்கும் அடிப்படை நிலம் இல்லையே, அதுவும் வெறும் மவுன்டன் ஆகிவிடும். பிறகு மற்ற நிலங்களை ஸ்வாம்ப் ஆக்க அதனிடம் என்ன இருக்கிறது? ஒன்று மற்றொன்றையே இல்லாமல் ஆக்குமானால், வந்த வரிசையைப் பார்ப்பதில்லை; இல்லாமல் ஆக்குவதைத்தான் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும். இது 613.8. அன்று உங்களுக்கு வந்திருக்க வேண்டியது இரண்டு சிவப்பு, ஒரு நீலம்.

சதுப்புவாசி:
அப்படியானால் அன்று தோற்றிருக்க வேண்டியது நான்தான். இன்னொன்று: வாட்டரி கிரேவில் ஐலண்ட், ஸ்வாம்ப் என்றே அச்சிட்டிருக்கிறதே, அது அடிப்படை நிலம் இல்லையா?

விதிப்பித்தன்:
இல்லை. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். கார்டின் நடுவே உள்ள வகை வரியில் "பேசிக்" என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வாட்டரி கிரேவில் இருக்காது. ஸ்னோ-கவர்டு ஐலண்டில் இருக்கும், ஆகவே அதை பிளட் மூன் தொடாது. இன்னொரு விஷயம், வழக்கமாக வாட்டரி கிரேவ் இறங்கும்போது 2 உயிர் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் டேப் ஆகி (அதாவது உடனே மானா எடுக்க முடியாதபடி சாய்த்து) வரும். பிளட் மூன் இருக்கும்போது இறக்கினால் 2 உயிர் கேட்கவே கேட்காது. அந்தத் திறனும் போய்விடுவதால் டேப் ஆகாமலே வரும், ஆனால் சிவப்பு மட்டும்தான் தரும்.

நான்காம்சுற்று:
இத்தனை நாளும் தவறாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நன்றி.
சதுப்புவாசி, பொலியூட்டட் டெல்டா (உடைத்தால், அதாவது தியாகம் செய்தால், டெக்கிலிருந்து ஒரு ஐலண்ட் அல்லது ஸ்வாம்பை எடுத்துவரும் லேண்ட்) வைத்திருந்தால், அவர் பிளட் மூனைப் போட்டதும், அது மேசைக்கு வருவதற்குள் டெல்டாவை உடைத்து ஒரு சாதா ஸ்வாம்பை எடுத்துவிடுங்கள். வந்த பிறகு டெல்டாவும் மவுன்டன்தான், உடைக்க முடியாது. டெக்கில் சாதா ஸ்வாம்ப் எத்தனை?

சதுப்புவாசி:
ஒன்றுகூட இல்லை. அர்போர்க் இருக்கிறதே என்று எடுத்துவிட்டேன். இப்போது 3 சேர்த்திருக்கிறேன். நண்பருக்கும் போன் செய்து 305.7-ஐ வாசித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை அதே இரண்டு டெக்கோடு மறுபடி ஆடுகிறோம்.