பினாங்கு: சிற்பம் படிக்க வந்திருக்கேன், வெள்ளிக்குள்ள வீட்டைக் காலி பண்ணச் சொல்றாங்க, அவசரம்

மண்ணும்கையும்: அண்ணா அக்கா யாராச்சும் பதில் போடுங்க ப்ளீஸ். முதல் செமஸ்டர், ஸ்கல்ப்சர். அசைன்மெண்டுக்காக பால்கனில பிளாஸ்டர் வார்ப்பு போட்டுட்டிருந்தேன், வீட்டுக்காரம்மா பார்த்துட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள கெளம்பு, டெபாசிட் தர முடியாதுன்னுட்டாங்க. வீட்ல சொல்லவும் பயமா இருக்கு. எங்க போறது?

பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி: தம்பி நான் கேஎல் (கோலாலம்பூர்) வந்தப்ப இதைவிட மோசம், ஒரே ரூம்ல ஆறு பேர், மூணு வேளையும் ரொட்டி சானாய்தான், வயிறு கெட்டுப்போய் படுத்தே கிடந்தேன், அதனால முதல்ல ஒரு ரைஸ் குக்கர் வாங்கிக்கோ. காசுக்கு கோயில் சுதை வேலைக்குப் போ. கும்பாபிஷேகம் வந்தா ஆள் தேடுவாங்க. பத்துமலை முருகன் 42.7 மீட்டர், 2006ல திறந்தாங்க, செஞ்சது தமிழ்நாட்டு ஸ்தபதிங்கதான்.

பட்டர்வொர்த்அக்கா: அண்ணே தயவுசெஞ்சு அப்படிச் சொல்லாதீங்க. அவங்க வேலைக்குன்னு வந்தவங்க, இவன் ஸ்டூடண்ட் பாஸ்ல, அதாவது படிக்கிறதுக்கான விசால இருக்கான். செமஸ்டர் லீவு, இல்ல ஏழு நாளைக்கு மேல வர்ற லீவுல மட்டும்தான் வேலை, அதுவும் வாரம் 20 மணி நேரம், யூனிவர்சிட்டி மூலமா இமிகிரேஷன்ல அனுமதி வாங்கணும், ரெஸ்டாரண்ட், மினி மார்க்கெட் மாதிரி சில இடம்தான். பிடிச்சா படிப்பே போயிடும்.

கும்பகோணத்தான்: எனக்கு ஒண்ணு புரியல, மாமல்லபுரத்துல 1957ல இருந்து அரசு காலேஜ் இருக்கு, எங்க ஊர் பக்கத்துல சுவாமிமலை இருக்கு, அங்க வெண்கலச் சிலைக்குக் காவேரி வண்டல்லயே அச்சு எடுக்கறாங்க, இதை விட்டுட்டு ஏன் அங்க போகணும்?

ஜெலுத்தோங்பொண்ணு: எங்க சொந்தக்காரங்களும் இதேதான், ஆர்ட்ஸ் படிச்சா சோறு போடுமான்னு. ஐடி படிக்கப் போயிருந்தா யாரும் வாய் திறக்க மாட்டாங்க. ரூம் தேடினாலும் இந்தியன்னா யோசிக்கிறாங்க, மனசு வெறுத்துடும் லா.

பட்டர்வொர்த்அக்கா: பொலம்பல் அப்புறம், பையனுக்கு வெள்ளிக்கிழமை கெடு. தம்பி, எந்த ஏரியா, அக்ரிமெண்ட் இருக்கா, ஸ்டாம்ப் போட்டதா?

மண்ணும்கையும்: சுங்கை டுவா அக்கா. அக்ரிமெண்ட் இருக்கு, ஸ்டாம்ப் போட்டிருக்கு. ரெண்டு மாச டெபாசிட், கரண்டு தண்ணிக்கு அரை மாசம்.

பட்டர்வொர்த்அக்கா: இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல! ஸ்டாம்ப் இருந்தா கோர்ட்ல செல்லும், நோட்டீஸ் எவ்ளோ நாள்னு அதுலயே இருக்கும், படி. இன்னைக்கே பால்கனி, சிங்க் எல்லாத்தையும் போட்டோ எடு. வீட்டுக்காரம்மாகிட்ட வாட்ஸப்ல மரியாதையா எழுதிக் கேளு, வாய்ப்பேச்சு வேணாம். காலைல அக்ரிமெண்டோட இன்டர்நேஷனல் ஸ்டூடண்ட் ஆபீஸ் போ, ஹாஸ்டல்ல இடம் இருக்கான்னும் கேளு. வீடு மாறினா புது அட்ரஸை அவங்ககிட்ட குடுத்துடு.

கல்தச்சன்: நானும் சிற்பம் படிச்சவன், ஒண்ணு சேர்க்கிறேன். பிளாஸ்டர் தண்ணிக்குள்ளயே இறுகும், பாத்திரம் கழுவின தண்ணிய சிங்க்ல ஊத்தினா பைப்பே அடைச்சிடும். ஒரு பக்கெட்ல கழுவு, ராத்திரி முழுக்க விட்டா அடில தங்கும், மேல தெளிஞ்சதை ஊத்திட்டு அடி வண்டலைக் குப்பைல போடு. வார்ப்பும் தேய்க்கறதும் இனிமே ஸ்டூடியோலதான், தேய்க்கும்போது என்95 மாஸ்க். தூசியைப் பெருக்காத, ஈரத்துணியால துடை. கல்லு செதுக்கினா இன்னும் ஜாக்கிரதை, கிரானைட் தூசில சிலிகா இருக்கு, நுரையீரல்ல போய் உக்காந்தா திரும்ப சரியாகாது. வீட்ல மெழுகுலயோ பிளாஸ்டிசின்லயோ கைக்கு அடக்கமா மாதிரி செஞ்சு பாரு, அதுல தூசியே வராது, எந்த ஓனரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

மண்ணும்கையும்: அக்ரிமெண்ட்ல ஒரு மாச நோட்டீஸ்னு போட்டிருக்கு அக்கா! இப்பவே மெசேஜ் டைப் பண்றேன், அனுப்பறதுக்கு முன்னாடி இங்க போடறேன், ஒரு தடவ பார்த்துச் சொல்லுங்க.