அப்பாவுக்குக் கழுத்தில் துளை போடக் கையெழுத்துப் போடலாமா?

பெரம்பூர் மகள்:

வணக்கம். அப்பாவுக்கு 79 வயது. ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூளையில் ரத்தக் கசிவு. ஐசியூவில் வென்டிலேட்டர் போட்டு இன்றோடு பதினோரு நாள். இனி நினைவு திரும்பி எழுந்து வருவது நடக்காது என்று நரம்பியல் டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் வாயில் டியூபை இதற்கு மேல் வைக்க முடியாது, கழுத்தில் துளை போட வேண்டும், நாளைக்குள் சொல்லுங்கள் என்கிறார்கள்.

மூன்று வருஷம் முன்பு பெரியப்பா இதே போல ஒரு மாதம் கிடந்து போனார். அவரைப் பார்த்துவிட்டு 29சி பஸ்ஸில் திரும்பும்போது அப்பா, "எனக்கு இந்த மாதிரி பண்ணிடாதம்மா" என்றார். டிக்கெட்டைச் சுருட்டி வாட்ச் பட்டையில் செருகிக்கொண்டு அப்படியே தூங்கிப்போனார். எழுத்தில் எதுவும் இல்லை.

ஷார்ஜாவில் இருக்கும் அண்ணன், "பணம் நான் அனுப்புறேன், எதையும் நிறுத்தாதே" என்கிறான். அம்மா கேட்பது ஒன்றுதான்: "பட்டினி போட்டுடுவாங்களா?" டியூபைப் பிடுங்கிவிடக் கூடாது என்று அப்பாவின் வலது கையைக் கட்டிலோடு கட்டி வைத்திருக்கிறார்கள். வெல்டிங் பொறி பட்ட தழும்புகளுக்கு மேலேயே அந்தத் துணிக்கட்டு. வேண்டாம் என்றால் அப்பாவை நானே அனுப்பி வைத்ததாக ஆகிவிடுமா?

கொளத்தூர் அக்கா:

தங்கச்சி, இதே கையெழுத்தை என் அம்மாவுக்கு நான் போட்டேன். துளை போட்டால் தேறிவிடுவாள் என்று நினைத்தேன். அது மூச்சு போய்வர ஒரு வழி, மூளைக்கு மருந்து இல்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அம்மா அப்புறம் ஐந்து மாதம் வீட்டில் இருந்தாள். ராத்திரி பகல் பார்க்காமல் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். கரண்ட் போனால் மெஷின் நிற்குமே என்று இன்வெர்ட்டர் வாங்கினோம். பார்த்துக்கொண்டதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்தக் குழாய் உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும் அவள் கண்ணை இறுக்கி மூடுவாள். அது மட்டும் இன்னும் மறக்கவில்லை.

அதனால் நாளைக்கு டாக்டரைப் பார்க்கும்போது அண்ணனை வீடியோ காலில் வையுங்கள். உங்கள் வாயால் கேட்பதும் டாக்டர் வாயால் கேட்பதும் ஒன்றில்லை. துளை போட்டால் ஆறு மாதம் கழித்து அப்பா எப்படி இருப்பார், போடாவிட்டால் திணறாமல் இருக்க என்ன செய்வீர்கள், இந்த இரண்டையும் கேளுங்கள். மூச்சுத் திணறலுக்கு மார்ஃபின் கொடுப்பார்கள், பயப்படாதீர்கள். பாலியேட்டிவ் கேர் டாக்டரை, அதாவது தேறாத நோயாளியின் வலியையும் திணறலையும் குறைத்துப் பார்த்துக்கொள்பவரை, வரச் சொல்லியும் கேளுங்கள். அப்புறம் அந்த பஸ் பேச்சை அண்ணனிடம் அப்படியே சொல்லுங்கள், டிக்கெட் உட்பட.

அம்மாவுக்கு ஒன்று சொல்லுங்கள். போகிற உடம்புக்குப் பசி அடங்கிவிடும். கடைசி நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்த நர்ஸ்தான் இதை எனக்குப் புரிய வைத்தார். சொந்தக்காரர்கள் பால் ஊற்ற வந்தபோது, ஊற்றினால் நெஞ்சில் இறங்கிவிடும் என்று தடுத்து, பஞ்சைப் பாலில் நனைத்துக் கையில் கொடுத்தார். எல்லோரும் வரிசையாக வந்து உதட்டைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஒருவருக்கும் மனக்குறை இல்லை.

நோட்டரி சார்:

சட்டப்படி இது கொலையும் இல்லை, தற்கொலையும் இல்லை. தேறாத நோயாளிக்கு உயிர்காக்கும் கருவிகளை நிறுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. சிகிச்சை தரும் டாக்டரோடு குறைந்தது இரண்டு நிபுணர்கள் கொண்ட முதல் குழு, பிறகு மாவட்ட அளவில் நியமிக்கப்படும் டாக்டரும் இருக்கும் இரண்டாவது குழு. ஒவ்வொன்றும் கூடுமானவரை 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். இந்த மாதிரி சிகிச்சை வேண்டாம் என்று முன்பே எழுதி வைக்காதவருக்கும் வழி உண்டு, நெருங்கிய உறவினர் சம்மதம் வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தருவது மருத்துவமனையின் வேலை, நீங்கள் கோர்ட் படி ஏற வேண்டாம்.

படிக்கிற மற்றவர்களுக்கு: நினைவு நன்றாக இருக்கும்போதே எழுதி, இரண்டு சாட்சிகள் வைத்து, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும். இரண்டு வருஷம் முன்பு நானும் என் மனைவியும் எழுதி, நகலைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோம்.

வியாசர்பாடி தம்பி:

அக்கா, வீட்டுக்குக் கூட்டிவருவதாக இருந்தால் பக்கத்து டாக்டர் ஒருவரிடம் இப்போதே பேசி வையுங்கள். வீட்டில் உயிர் போனால் காரணம் எழுதிய சான்றிதழை அவர்தான் தர வேண்டும், சுடுகாட்டில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். எங்கள் தாத்தாவுக்கு அது கிடைக்காமல் அரை நாள் அலைந்தோம். 21 நாளைக்குள் இறப்பைப் பதிவு செய்துவிடுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸ் உண்டு, உங்கள் ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பெரம்பூர் மகள்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி நேற்று ராத்திரி அண்ணனிடம் பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், "வாட்ச் பட்டையிலதான் செருகுவாரு" என்று மட்டும் சொன்னான். நாளைக் காலை விமானத்தில் வருகிறான். அவன் வந்து பார்க்கும் வரை துளை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினோரு மணிக்கு டாக்டரோடு உட்காருகிறோம், பாலியேட்டிவ் டாக்டரும் வருகிறார்.

நாங்கள் பக்கத்தில் இருக்கும் நேரம் மட்டும் கைக்கட்டை அவிழ்த்துவிட நர்ஸ் சம்மதித்தார். இன்று சாயங்காலம் அரை மணி நேரம் அம்மா அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.