குடும்பக் குழு: ரயில் வருகிறதா, வருமா?

ஞாயிறு இரவு 8.40

சித்தி (குன்னூர்): யாராவது முழித்திருக்கிறீர்களா? காலையில் ஆறு மணிக்கு விடுதியில் தங்கியிருக்கும் வெளிநாட்டம்மா நீராவி ரயிலைப் பற்றிக் கேட்டார். தினமும் வரும் என்று சொல்ல நினைத்து "தி ட்ரெயின் இஸ் கமிங்" என்றேன். கேமராவை எடுத்துக்கொண்டு அந்தக் குளிரில் வெளியே ஓடிவிட்டார். மனசு கேட்கவில்லை.

நான்: "இஸ் கமிங்" என்றால் இதோ வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம் சித்தி. "தி ட்ரெயின் கம்ஸ் எவ்ரி டே" என்று சொல்ல வேண்டும். சிம்பிள் ப்ரெசென்ட்.

சித்தி: ப்ரெசென்ட் என்றால் நிகழ்காலம்தானே? "வருகிறது" என்பதைத்தானே சொன்னேன்?

நான்: அந்தப் பெயர்தான் நம்மைக் குழப்புகிறது. தமிழில் யோசியுங்கள். ரயில் தினமும் 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும், நண்பகல் வாக்கில் ஊட்டி போய்ச் சேரும். வழக்கத்தைச் சொல்லும் இந்த "உம்" வந்தால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் சிம்பிள் ப்ரெசென்ட்தான். "தி ட்ரெயின் லீவ்ஸ் அட் செவன் டென்."

தாத்தா: இது நமக்குப் பழகிய விஷயம்தான் கண்ணு. மூன்று காலத்துக்கும் பொதுவான இயல்பைச் "செய்யும்" என்ற வகைச் சொல்லால் சொல்ல வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. உரைகாரர்கள் காட்டும் உதாரணம் "மலை நிற்கும்". நேற்று நின்றது, இன்று நிற்கிறது, நாளையும் நிற்கும். வகுப்பில் ஜன்னல் வழியே தொட்டபெட்டா பக்கம் கை காட்டித்தான் இதை நடத்துவேன்.

தம்பி: குறிஞ்சியும் அப்படித்தானே அக்கா? 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும். இப்போது மலையில் ஒரு பூ கூட இல்லாவிட்டாலும் "குறிஞ்சி ப்ளூம்ஸ்".

நான்: அருமை டா!

தம்பி: ஆனால் "நாளைக்கு மழை வரும்" என்பதிலும் உம் இருக்கிறதே?

நான்: அது "வில் ரெயின்". "வழக்கமாக" என்ற சொல்லைச் சேர்த்துப் பார். "நவம்பரில் வழக்கமாக மழை வரும்" பொருந்துகிறது, அதனால் "இட் ரெயின்ஸ் இன் நவம்பர்". "நாளைக்கு வழக்கமாக மழை வரும்" என்று யாரும் சொல்ல மாட்டோம்.

அம்மா: அப்படியென்றால் "குன்னூரில் வேலை செய்கிறேன்" என்பதற்கு? அதில் உம் இல்லையே.

நான்: ஆமாம் அம்மா, அங்கே "ஐ வொர்க்". நம் "கிறேன்" இரண்டு வேலையும் பார்க்கும். இந்த நிமிடம் நடப்பதா, வழக்கமா என்று ஒரு தடவை மனசுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சித்தி: நேற்று ஒருவர் வழி கேட்டபோது "ஐ ஆம் நோயிங்" என்றேன். அதுவும் தப்பா?

நான்: "ஐ நோ" போதும் சித்தி. இதற்கும் தமிழே துணை. தெரியும், பிடிக்கும், வேண்டும். மூன்றிலும் உம் இருக்கிறது பாருங்கள். ஐ நோ, ஐ லைக், ஐ வான்ட். எனக்கு இது பிடிபட்ட அன்று அவ்வளவு சந்தோஷம்.

சித்தி: சரி, ஒன்று சொல்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். "தி இன்ஜின் புஷ் தி ட்ரெயின்."

நான்: "புஷஸ்". ஹீ, ஷீ, இட் வந்தால் வினையோடு ஒரு ஸ் சேரும். புஷ் மாதிரி "ஷ்" ஒலியில் முடிந்தால் இஸ். தமிழில் வருகிறேன், வருகிறாய், வருகிறார் என்று ஆளுக்கு ஒரு விகுதி. அங்கே இந்த ஒன்றுதான்.

சித்தி: இல்லை என்று சொல்ல? "டஸ் நாட் புஷஸ்"?

நான்: "டஸ் நாட் புஷ்". அந்த ஸ் "டஸ்"ஸுக்குப் போய்விட்டது, மறுபடி வேண்டாம். கேள்வியும் அப்படியே. "டஸ் தி ட்ரெயின் கோ டு ஊட்டி?"

தம்பி: சித்தி, நாளைக்கு அந்தம்மாவிடம் நேரத்தோடு சொல்லிவிடுங்கள்.

சித்தி: நோட்டில் எழுதிவிட்டேன். இப்போது பாருங்கள். "மை ஃபாதர் டேக்ஸ் ஹிஸ் டேப்லெட் அட் நைன்." மணி ஒன்பதேகால். அப்பா, போட்டீர்களா?

தாத்தா: தண்ணீர் எடுக்கப் போகிறேன் கண்ணு.